ஆடி ஒன்றாம் தேதி ராத்திரி விருந்து: பன்னிரண்டு பேர், 2,500 ரூபாய், மூன்று சுட்ட தேங்காய்

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்துக்காரர்களுக்கு ஆடி முதல் நாள் என்றால் தேங்காய் சுடும் நோம்பி, அதாவது பண்டிகை. ஜூலை 16 அல்லது 17இல் வரும். மற்ற ஊர்க்காரர்களிடம் சொன்னால், "தேங்காயைச் சுடுவீங்களா, எதுக்கு?" என்று கேட்பார்கள். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, போர் தொடங்கும் முன் பிள்ளையாருக்குத் தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்று எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லும். கதை இருக்கட்டும். அன்றைக்கு வீட்டுக்கு ஆள் வரும். புதிதாகக் கல்யாணமான பெண் இருந்தால் மாப்பிள்ளையோடு தலை ஆடிக்கு வருவாள். வந்தவர்களுக்கு ராத்திரி சோறு போட வேண்டும். அந்தச் சோற்றை மாதச் சம்பளத்துக்குள் எப்படிப் போடுவது என்பதுதான் இங்கே விஷயம்.

எங்கள் பெண்ணின் தலை ஆடிக்கு நான் ஒன்பது வகை சமைத்தேன். இரண்டு கிலோ ஆட்டுக்கறி, மேட்டூர் அணை மீன், பிரியாணி, அதற்கு ஒரு தாளிச்சா, இனிப்பே இரண்டு. செலவு ஆறாயிரத்தைத் தாண்டியது. ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வியர்வையோடு நிற்க, மாப்பிள்ளை இரண்டாவது தடவை கேட்டு வாங்கியது ரசம் மட்டும். மறுநாள் காலை பிரிட்ஜைத் திறந்தால் டப்பா மேல் டப்பா. அந்த வருஷத்துக்கு அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். காசைத் தின்றது கறி இல்லை, வகைகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு வகைக்கும் தனியாக எண்ணெய், தனியாக வெங்காயம் தக்காளி, கடைசி நேரத்தில் ஓடிப்போய் அண்ணாச்சி கடையில் வாங்கும் ஐம்பது கிராம் முந்திரி. எல்லாம் சேர்ந்துதான் பை கிழிகிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு கறிக் குழம்பு. அதே சட்டியிலிருந்து ஒரு வறுவல். ஒரு பொரியல், ரசம், வடகம், பாயசம், தயிர். அதற்கு முன்னால் முற்றத்தில் நெருப்பும் தேங்காயும். பெரியவர்கள் ஒன்பது, பிள்ளைகள் மூன்று என்று வைத்து அளவுகளைச் சொல்கிறேன்.

கணக்கை முதலில் எழுதுங்கள்

வாங்கப் போகும் முன் ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுவேன். கறியும் முட்டையும் 900 ரூபாய். தேங்காய் ஐந்துக்கு 200. காய்கறி 300. மளிகை 400. தட்டுவடையும் (சின்னத் தட்டை) அதற்கான காயும் 150. வாழையிலை, பூ, தேங்காய் சுடும் குச்சி 200. தயிர், நெய் 150. கூட்டினால் 2,300 வரும். மீதி 200 கையில் இருக்கட்டும், கடைசி நேரத்தில் எதையாவது மறந்திருப்போம். தலைக்கு 210 ரூபாய்க்குள் முடிந்துவிடும். விலை வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் ரூபாயை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். கறிக்கும் முட்டைக்கும் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது, அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் காயில் கை வைப்போம், இலை வெறிச்சென்று இருக்கும்.

அரிசி, பருப்பு, எண்ணெய் இந்தத் தாளில் இல்லை. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனி மாதத்துப் பொருளை வாங்கி எடுத்து வைத்துவிட்டால் ரசத்துக்குப் பருப்பும், வடகம் பொரிக்க எண்ணெயும் ஆயிற்று. பொரிக்கப் பாமாயில் போதும். குழம்புக்கு மட்டும் கடலை எண்ணெய். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பத்து நாள் முன்னால்

ஆடி நெருங்க நெருங்கத் தேங்காய் விலை ஏறும். எல்லா வீட்டிலும் அன்றைக்குத் தேங்காய் வேண்டும் என்பது வியாபாரிக்கும் தெரியும். அதனால் பத்து நாள் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். குடுமியைப் பிய்க்காமல் வாங்க வேண்டும். கண்ணை மூடியிருக்கும் அந்த நார்தான் தேங்காயைக் கெடாமல் காக்கிறது. குடுமி எடுத்த தேங்காய் ஒரு வாரத்தில் கண் பக்கம் பூசணம் பிடிக்கும். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் சலசலவென்று கேட்க வேண்டும். சுடுவதற்கு எடுக்கும் மூன்றும் நல்ல முற்றலாக, உருண்டையாக இருக்கட்டும். நீளக்காய் நெருப்பில் சரியாகத் திரும்பாது. மற்ற இரண்டு குழம்புக்கும் பாயசத்துக்கும்.

மளிகைக்குச் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் போனால் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் அங்கே கால் கிலோ கேட்டால் முறைப்பார்கள். எதிர்வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து மிளகாய், மல்லி, வெல்லம், ஜவ்வரிசி நாலும் வாங்கி, வீட்டில் வந்து தராசில் பிரித்துக்கொள்வோம். மிளகு மட்டும் ஏற்காட்டுக்குப் போய் வருபவர்களிடம் சொல்லிவிடுவேன். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் ஏறும் மிளகு அது. காரம் அதிகம் என்பதால் அளவு குறைவாகப் போதும். அங்கே காப்பிச் செடி 1820களில் வந்தது. அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்தது என்பார்கள். சாப்பாடு முடிந்து எங்கள் வீட்டில் குடிக்கும் காப்பியும் மலைத்தூள்தான்.

வடகம் இதற்கெல்லாம் முன்னால், சித்திரை வெயிலிலேயே போட்டு வைத்திருக்க வேண்டும். போடாதவர்கள் கடையில் வாங்குங்கள், பரவாயில்லை.

முந்தின நாள்

விடியற்காலை உழவர் சந்தை. சூரமங்கலம், தாதகாப்பட்டி, அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, எது பக்கமோ அங்கே. உழவர் சந்தைத் திட்டம் 1999இல் தொடங்கியது. விவசாயி நேரே கொண்டுவந்து விற்பதும், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவதும்தான் அதன் அழகு. முதலில் பலகையைப் படியுங்கள், அப்புறம் என்ன பொரியல் என்று முடிவு செய்யுங்கள். வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போனால் எது ஏறியிருக்கிறதோ அதைத்தான் வாங்கிக்கொண்டு வருவோம். ஆடியில் பெரும்பாலும் எனக்கு வாய்ப்பது அரசாணிக்காய். பறங்கிக்காய் என்று மற்ற ஊரில் சொல்வது. முழுக்காயாக வாங்கினால் கீற்று விலையைவிடக் குறைவு. வெட்டாத வரை கெடாது.

சின்ன வெங்காயம் அரைக் கிலோ வாங்கி அன்று ராத்திரியே உரித்து வைத்துவிடுங்கள். டிவி பார்த்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. மறுநாள் தனியாக உட்கார்ந்தால் அதுவே ஒன்றரை மணி நேரம். குழம்பு மசாலாவையும் அன்றே வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டு வைக்கலாம். அரைப்பது மட்டும் மறுநாள்.

தேங்காயைத் தேய்க்கும் வேலையும் இன்றைக்குத்தான்.

தேங்காய் சுடுவது

நாரை உரித்த தேங்காயைச் சிமெண்ட் தரையிலோ கருங்கல்லிலோ வைத்துத் தேய்க்க வேண்டும். ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு நார் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. நார் இருந்தால் அது முதலில் பற்றிக்கொள்ளும், அந்த இடம் மட்டும் கருகிச் சீக்கிரம் வெடிக்கும். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டால் யார் தேங்காய் வழவழப்பு என்று போட்டி போட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்து முடித்த தேங்காய் கையில் மரப்பந்து மாதிரி இருக்கும். கண் பக்கத்துக் குடுமியை மட்டும் மறுநாள் வரை விட்டு வையுங்கள்.

நோம்பி அன்று சாயங்காலம் குடுமியை எடுத்தால் மூன்று கண் தெரியும். அதில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். திருப்புளியால் அதைக் குத்தி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, தண்ணீரை ஒரு சொம்பில் வடித்துக்கொள்ளுங்கள். அதைக் கொட்டிவிட வேண்டாம்.

உள்ளே போடுவது, ஒரு தேங்காய்க்கு: வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, அவல் இரண்டு, பொட்டுக்கடலை ஒன்று, வறுத்த எள் ஒரு சின்னக் கரண்டி, நாட்டுச் சர்க்கரை மூன்று, ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போட்டது. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அது வழியாக இறக்கினால் சிந்தாது. வெல்லம் என்றால் நன்றாகப் பொடிக்க வேண்டும், கட்டி ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் வடித்து வைத்த இளநீரில் மூன்று நான்கு கரண்டி திரும்ப ஊற்றுங்கள். பருப்பு வேகவும் வெல்லம் கரையவும் அந்த ஈரம் வேண்டும்.

கால்வாசி இடம் காலியாகவே இருக்க வேண்டும். நான் தனியாகச் செய்த முதல் வருஷம் அதைக் கேட்கவில்லை. நிறையப் போட்டால் நிறையக் கிடைக்கும் என்று குச்சியால் குத்திக் குத்தி அடைத்தேன். பருப்பும் அவலும் ஊதியதும், ஆவி போக வழியில்லாமல் தேங்காய் பக்கவாட்டில் பிளந்தது. வெல்லப்பாகு முழுக்க நெருப்பில் வடிந்து சுர்ரென்று பொங்கியது. என் சின்னவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அம்மாயி திண்ணையில் இருந்தபடி, "ஏன் கண்ணு, அதுக்கும் மூச்சு விட எடம் வேண்டாமா?" என்றதோடு சரி.

அடுத்தது குச்சி. அழிஞ்சிக் குச்சிதான் வழக்கம். ஆடி பிறக்கும் முன்னால் கடைத்தெருவில் கட்டுக் கட்டாக வைத்து விற்பார்கள். பச்சையாக இருக்க வேண்டும், காய்ந்த குச்சி தேங்காயோடு சேர்ந்து எரிந்துவிடும். மூன்று நான்கு அடி நீளம் இருக்கட்டும். முனையைக் கூராகச் சீவி ஓட்டையில் இறுக்கிச் சொருகினால் அதுவே மூடி, அதுவே கைப்பிடி. தேங்காய் முழுக்க மஞ்சளை அரைத்துப் பூசி, குச்சியின் மேலேயும் தடவிவிடுங்கள்.

இனி நெருப்பு. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், ஓலைத் தீ எம்மாத்திரம்? சுவர் ஓரமாக, காற்று வராத மூலை பார்த்து மூட்டுங்கள். ஓரமாக ஒரு வாளித் தண்ணீர். காய்ந்த தென்னை ஓலையும் விறகுத் துண்டும் போதும், ஆனால் கொழுந்துவிட்டு எரியும்போது தேங்காயைக் காட்ட வேண்டாம். தீ அடங்கித் தணலாகி, மேலே சின்னச் சின்ன நாக்கு மட்டும் ஆடும் நேரம்தான் சரி. குச்சியைப் பிடித்து மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், மஞ்சள் மட்டும் காய்ந்து பழுப்பாகும். அப்புறம் ஓடு கறுக்கும். உள்ளே குமுகுமுவென்று ஒரு சத்தம், வெல்லம் கொதிக்கிற சத்தம். இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் ஓட்டில் மயிரிழை போல ஒரு கீறல் விழும், அதிலிருந்து நுரை எட்டிப் பார்க்கும். அந்த வாசனை தெருமுனை வரை போகும். அதுதான் பதம். உடனே எடுத்துவிடுங்கள். பிள்ளைகளைத் தணலிலிருந்து குச்சி நீளத்துக்கு மேல் தள்ளியே நிறுத்துங்கள், கீறல் விழும்போது சூடான பாகு தெறிக்கும். நைலான், பாலியஸ்டர் துணியோடு யாரும் கிட்டே வர வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மொட்டை மாடியில் பழைய இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி போட்டுச் சுடலாம். என் தங்கை அப்படித்தான் செய்கிறாள். புகை குறைவு, நேரம் மட்டும் பத்து நிமிஷம் கூடும்.

பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுக் கால் மணி நேரம் ஆறவிட்டு உடையுங்கள். ஓட்டிலிருந்து தேங்காய் தானாகக் கழன்று வரும். உள்ளே பாகில் ஊறிய பருப்பு. ஒரு காயைப் பத்துக் கீற்றாகப் போட்டால் மூன்று காயில் முப்பது துண்டு. ஆளுக்கு இரண்டு போக ஆறு மிஞ்சும், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம்.

தணல் வரும் வரை தட்டுவடை

தீ மூட்டித் தணலாகும் வரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது வெறும் வயிற்றோடு நின்றால் இலையில் உட்கார்ந்ததும் கறி பறக்கும். அதற்குத்தான் தட்டுவடை செட். சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பக்கம் மல்லி புதினாச் சட்னி, மறு பக்கம் மிளகாய்ப் பூண்டுச் சட்னி. வண்டிக்கடையில் ஆளுக்கு ஒரு பிளேட் வாங்கினால் பட்ஜெட் போச்சு. தட்டுவடையைப் பாக்கெட்டாக வாங்கி, காயை வீட்டில் துருவுங்கள். கால் கிலோ பீட்ரூட், கால் கிலோ கேரட், மூன்று பெரிய வெங்காயம். ஆளுக்கு மூன்று செட் வரும். காயைக் கடைசியில் வையுங்கள், முன்னாலேயே வைத்தால் தட்டுவடை நமத்துவிடும்.

ஒரே சட்டியில் குழம்பும் வறுவலும்

ஆட்டுக்கறி வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான், முதல் வருஷம் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. நாட்டுக்கோழி ஒரு கிலோ, பிராய்லர் ஒரு கிலோ. நாட்டுக்கோழி பிராய்லரைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. ஆனால் குழம்புக்கு ருசி கொடுப்பது அதன் எலும்பு. பிராய்லரில் சதை இருக்கிறது, ருசி இல்லை. இரண்டையும் ஒரே குழம்பில் போட்டால் இது அதனிடம் வாங்கிக்கொள்ளும். கடையில் விலை கேட்கும்போது உயிர் எடையா, உரித்த எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயிர் எடையில் மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போய்விடும்.

மசாலா: மல்லி ஆறு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் பதினைந்து, சீரகம் ஒன்று, மிளகு ஒன்று, சோம்பு அரை, பட்டை இரண்டு துண்டு, கிராம்பு நான்கு, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. கசகசா விலையைப் பார்த்துவிட்டு அதை விட்டேன். பதிலுக்கு இரண்டு கரண்டி பொட்டுக்கடலை, கெட்டிக்கு அது போதும். எண்ணெய் விடாமல் சிறு தீயில் வறுத்தது, முந்தின நாளே தயாராக இருக்கிறது. ஒரு மூடித் தேங்காயைத் துருவி நிறம் மாறும் வரை வறுத்து, பத்துச் சின்ன வெங்காயத்தையும் வதக்கிச் சேர்த்து, மசாலாவோடு விழுதாக அரையுங்கள்.

நாட்டுக்கோழியை மஞ்சள், உப்பு, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் குக்கரில் ஐந்து விசில். கிழட்டுக்கோழியாக இருந்தால் எட்டு. அந்த நேரத்தில் பெரிய சட்டியில் ஐந்து கரண்டி கடலை எண்ணெயைக் காயவைத்து, மீதிச் சின்ன வெங்காயத்தைக் கண்ணாடிப் பதமாக வதக்கி, இஞ்சி பூண்டு விழுது மூன்று கரண்டி, பச்சை வாசனை போனதும் தக்காளி நான்கு. தக்காளி குழைந்ததும் பிராய்லரைப் போட்டு ஐந்து நிமிஷம் பிரட்டுங்கள். அப்புறம் நாட்டுக்கோழியைத் தண்ணீரோடு ஊற்றி, அரைத்த விழுதையும் கரைத்துவிட்டு, இருபது நிமிஷம் மூடிக் கொதிக்க விடுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்.

இப்போது சட்டியிலிருந்து பிராய்லர் துண்டுகளில் பாதியையும் இரண்டு கரண்டிக் குழம்பையும் தனியாக எடுங்கள். இரும்பு வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய், நாலு பல் பூண்டு தட்டியது, கறிவேப்பிலை, இரண்டு கரண்டி கொரகொரப்பாக இடித்த மலை மிளகு. அதில் துண்டுகளைப் போட்டு, குழம்பு சுண்டித் துண்டில் ஒட்டும் வரை பிரட்டினால் மிளகு வறுவல் தயார். தனிக் கறி இல்லை, தனி மசாலா இல்லை. இலையில் வைத்தால் இரண்டு வகை.

சட்டியில் கறி குறைந்துவிட்டதே என்று தோன்றும். அதற்குத்தான் பன்னிரண்டு முட்டை. நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் முட்டை நமக்குத் தட்டுப்பாடு இல்லை. அவித்து, மேலே லேசாகக் கீறி, குழம்பில் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். பரிமாறும்போது முதல் கரண்டியிலேயே ஆளுக்கு ஒரு முட்டை வந்துவிட வேண்டும். முட்டை விழுந்த இலையில் கறித்துண்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன்.

சின்னச் சின்ன வேலைகள்

சாதத்துக்கு அரிசி ஒன்றே கால் கிலோ. அரசாணிக்காய் ஒன்றரைக் கிலோவைத் தோலோடு துண்டு போட்டு, கடுகு, மிளகாய் தாளித்து, தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் பத்து நிமிஷம். கடைசியில் தேங்காய்த் துருவல். குழையவிட வேண்டாம். ரசம் எப்போதும் வைக்கிற ரசம்தான், அளவு மட்டும் தாராளமாக. எங்கள் மாப்பிள்ளை கதையைத்தான் சொன்னேனே.

ஜவ்வரிசிப் பாயசம்

சேலத்தில் இருந்துகொண்டு சேமியாப் பாயசம் வைப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மலாயா பக்கத்திலிருந்து சரக்கு வருவது நின்றபோது, 1943 வாக்கில், மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கு ஆத்தூர் ரோட்டில் போனாலே கிழங்கு ஏற்றிய லாரிகள் எதிரே வரும். சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் 1981இல் தொடங்கியது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்கு முக்கியம், ஊர்ச் சரக்கு என்பதால் விலை கட்டுப்படியாகிறது.

பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசி கால் கிலோ. மாவு ஜவ்வரிசி போட்டால் கூழாகும். ஒரு கரண்டி நெய்யில் லேசாகப் பொரியும் வரை வறுத்து, கொதிக்கிற தண்ணீர் இரண்டு லிட்டரில் போட்டுக் கிளறுங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு மறைந்து கண்ணாடியாக ஆனால் வெந்துவிட்டது. அதற்கு முன்னால் வெல்லம் சேர்த்தால் அப்படியே விறைத்து நிற்கும், பிறகு எவ்வளவு கொதிக்கவிட்டாலும் வேகாது. வெல்லம் 400 கிராமைக் கரைத்து வடிகட்டி ஊற்றி ஒரு கொதி. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு முழுத் தேங்காயின் முதல் பாலை ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும். மாட்டுப்பால் வாங்கும் செலவும் இல்லை. முந்திரிக்குப் பதில், குழம்புக்குப் போக மிஞ்சிய மூடியில் பாதியைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்துப் போடுங்கள். மறுபாதி பொரியலுக்குத் துருவியாகிவிடும். ஜவ்வரிசி நேரமாக ஆகக் கெட்டியாகும் என்பதால், ஒரு டம்ளர் இரண்டாம் பாலைச் சூடாக வைத்திருந்து பரிமாறும் முன் இளக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமையாக வந்துவிட்டால்

ஆடி ஒன்று வெள்ளியோ செவ்வாயோ ஆனால் எங்கள் வீட்டில் கறி கிடையாது. அந்த வருஷம் செலவு தானாக 1,700க்கு இறங்கிவிடும். தட்டைப்பயறு அரைக் கிலோவை ஊறவைத்து, கத்தரிக்காய் ஒரு கிலோ சேர்த்து, அதே வறுத்தரைத்த மசாலாவில் குழம்பு. வறுவல் இடத்தில் சேப்பங்கிழங்கு அல்லது வாழைக்காய், அதே மலை மிளகோடு. மிச்சமெல்லாம் அப்படியே. கோழி வாங்கும் பணத்தை மீதம் பிடித்து ஆடிப் பதினெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு இன்னும் பதினேழு நாள்தானே இருக்கிறது.

நேரமும் இலையும்

மூன்று மணிக்கு மசாலா அரைப்பு, நாட்டுக்கோழி குக்கரில். நாலரைக்குள் குழம்பு இறங்கிவிட வேண்டும். ஐந்துக்குப் பாயசம். ஐந்தரைக்கு அடுப்படியை விட்டு வெளியே வந்து தீ மூட்டுங்கள். ஆறே காலுக்குத் தேங்காய் தணலில். வடக்கே மலை மேல் மேகம் இறங்கி இருட்டிக்கொண்டு வரும், தூறல் விழுந்தால் குடை பிடித்துக்கொண்டாவது சுட்டு முடித்துவிடுவோம். ஏழுக்குப் படையல். ஏழே காலுக்கு யாராவது ஒருவர் உள்ளே போய் அரிசியை வைத்து, வறுவலைப் பிரட்டி, வடகம் பொரித்தால் எட்டு மணிக்கு இலை போட்டுவிடலாம். குழம்பைச் சூடு பண்ணும்போது முட்டையை இறக்குங்கள்.

மிஞ்சிய குழம்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டுப் பேச உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். பிரிட்ஜ் இல்லையென்றால் அன்றைக்கே காலி செய்துவிடுங்கள், கோழிக் குழம்பை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது. சாதத்தில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் பழைய சோற்றுக்கு உடைந்த வடகம் இருக்கிறது, தோசைக்குச் சூடு பண்ணிய குழம்பு இருக்கிறது. பிள்ளைகள் எழுந்ததும் கேட்பது வேறு: சுட்ட தேங்காயில் மிச்சம் வைத்தீங்களா? இரண்டு கீற்றை எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.